மேசைக் கடைசியில் ஒரு தனிக் கிண்ணம்

விருந்து என்றால் அன்றைக்கு ஒரு நாள் உடம்பை மறந்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. விருந்தாகவே இருந்தாலும் சர்க்கரையும் எண்ணெயும் பக்கத்தில் வரக் கூடாது என்பது எதிர்க்கட்சி. குளிர் விலகி, வெளியே உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிற வசந்தப் பருவம் வந்து, சொந்தமும் நட்பும் கூடத் தொடங்கியதும் இந்த வாக்குவாதமும் கூடவே வந்துவிடும். எனக்கு இரண்டு பக்கமும் ஒட்டவில்லை. ஏன் ஒட்டவில்லை என்று நெடுநாள் சரியாகச் சொல்லவும் தெரியவில்லை. ஒரு மதிய விருந்தில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோதுதான் அது பிடிபட்டது.

நல்ல விருந்து அது. வீட்டுக்காரர்கள் முந்தைய நாளிலிருந்தே வேலை பார்த்திருந்தார்கள். மரத்தடியில் நீள மேசை, அதில் விளிம்பு வரை பாத்திரங்கள். மேசையின் கடைசியில், சின்னத் தட்டால் மூடிய ஒரு தனிக் கிண்ணம். “பெரியப்பா, உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன். உப்புகூடப் பார்த்துத்தான் போட்டிருக்கேன்” என்று அக்கா அதை அவர் கையில் கொடுத்தாள். உள்ளே வேகவைத்த கேரட், பீன்ஸ், கொஞ்சம் கோஸ். அன்பில் ஒரு குறையும் இல்லை. அவருக்கு நீரிழிவு என்பதை நினைவில் வைத்து, அத்தனை வேலைக்கு நடுவில் அவருக்கென்று தனியாக அடுப்பு மூட்டியிருக்கிறாள். எத்தனை வீட்டில் அதைச் செய்வார்கள்?

அப்புறம் நடந்ததுதான் மனதில் தங்கிவிட்டது. தட்டோடு கடந்து போன ஒவ்வொருவரும் அந்தக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்கள். “என்ன, இதுதான் சாப்பாடா?” “டயட்டா?” “சுகர் இப்ப எவ்வளவு இருக்கு?” “மாத்திரையா, ஊசியா?” அக்கறையில் கேட்டதுதான் எல்லாம். அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டால் மொத்த மேசையையும் சிரிக்க வைக்கிற மனிதர் அவர். அன்றைக்கு ஒரு கதைகூட வரவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “சாப்பாடு நல்லாத்தான்ப்பா இருந்தது. ஆனா வந்தவங்க எல்லார்கிட்டயும் என் சுகர் ரிப்போர்ட்டைத்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். வேற ஒண்ணும் பேசவே இல்லை.”

அந்த வார்த்தையை நான் பல நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். கிண்ணத்தில் இருந்த காயில் தப்பில்லை, கொடுத்த கையிலும் தப்பில்லை. அது தனியாக இருந்ததுதான் தப்பு. விருந்தாளியாக வந்தவரை அது நோயாளியாக உட்கார வைத்துவிட்டது. இன்னொன்றும் உறுத்தியது. நீரிழிவு இருப்பவருக்கென்று தனிச் சாப்பாடு தேவையில்லை என்பதைத்தான் உணவியல் படித்தவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம், மீதிக் கால் பங்கு மாவுச்சத்து. இது அவருக்கு மட்டுமான கணக்கு இல்லையே, அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் பொருந்துகிற கணக்குதான். அப்படியிருக்க, நல்ல காய் ஏன் மேசைக் கடைசியில் மூடிக் கிடக்க வேண்டும்? நடுவில் இருக்கலாமே?

அதற்குப் பிறகு என் வீட்டில் ஆட்களைக் கூட்டினால் தனித் தட்டு என்பதே கிடையாது என்று முடிவு செய்தேன். யார் வந்தாலும் பொதுப் பாத்திரத்திலிருந்தே எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி மேசை அமைய வேண்டும். சொல்வதற்கு எளிது. சமைக்கிற முறையை அடியிலிருந்து மாற்ற வேண்டியிருந்தது.

பச்சை பச்சையாகவே இருக்க

வசந்தத்தில் இதைத் தொடங்கியது நல்லதாகப் போயிற்று. இந்தப் பருவத்துக் காய்களுக்கு அதிகம் செய்யவே தேவையில்லை. இளம் பட்டாணி, அஸ்பாரகஸ், பீன்ஸ், முள்ளங்கி, வெங்காயத்தாள், பிஞ்சுக் கேரட், இளங்கீரை. முற்றாத காய் என்பதால் நார் குறைவு, தானாகவே ஓர் இனிப்பு இருக்கும். அந்த இனிப்பை நாம் கெடுக்காமல் இருந்தால் போதும். பட்டாணியைப் பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். அதனால்தான் சந்தையில் நாலு நாள் கிடந்த தோல் பட்டாணியைவிட, பறித்த சில மணி நேரத்தில் உறைய வைத்த பட்டாணி பல நேரம் இனிப்பாக இருக்கிறது. ‘ஃப்ரீசர் பட்டாணியா?’ என்று முகம் சுளிப்பவர்களோடு நான் வாதாடத் தயார். அன்றன்றே பறித்தது கிடைத்தால் அதற்கு ஈடில்லை, சரி. கிடைக்காதபோது உறைந்த பட்டாணியே மேல்.

பச்சைக் காயை வேகவைப்பதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அந்தத் தனிக் கிண்ணத்தின் பீன்ஸ் மங்கிய சாம்பல் பச்சையில் இருந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. பாதிப் பேர் தட்டில் காய் எடுக்காததற்கு அந்த நிறம்தான் காரணம். காயில் இருக்கும் பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. சூட்டிலும் புளிப்பிலும் அது கழன்றுகொள்ள, நிறம் பழுப்பேறிவிடுகிறது. காய்க்குள்ளேயே கொஞ்சம் அமிலம் உண்டு, வேகும்போது அது வெளியே வரும். மூடி போட்டு நேரம் கடத்தினால் அந்த அமிலம் பாத்திரத்துக்குள்ளேயே சுற்றி வந்து வேலையைக் காட்டும். ஆகவே பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர், தளதளவென்ற கொதி, மூடி வேண்டாம். அஸ்பாரகஸின் அடிக்குச்சி விறகாக இருக்கும், அதை வெட்டிவிட வேண்டும். கொதியில் போட்டு இரண்டு, மூன்று நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முதலில் நுரை மாதிரி சின்னக் காற்றுக் குமிழ்கள் காயை விட்டு வெளியேறும், அந்தக் கணத்தில் பச்சை பளிச்சென்று ஏறும். ஒன்றை எடுத்துக் கடித்தால் நடுவில் இன்னும் ஒரு ‘கறுக்’ இருக்கும். அப்போதே வடித்து, பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் கொட்டிவிட வேண்டும். ஆறியதும் உடனே எடுத்துத் துணியில் ஒற்றி வைத்துவிடலாம், ஊறவிட்டால் சுவையும் வைட்டமின் சியும் தண்ணீரோடு போய்விடும். நிறம் நிற்கட்டும் என்று சிலர் சமையல் சோடா போடுவார்கள். நிறம் நிற்கும், காய் குழைந்துவிடும், வைட்டமின்களும் கூடுதலாகப் போகும். எனக்கு அதில் சம்மதமில்லை.

இதையெல்லாம் காலையிலேயே முடித்துவிடலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. காய் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும், ஆட்கள் வந்த பிறகு தட்டில் பரப்பினால் ஆயிற்று. எலுமிச்சை மட்டும் பரிமாறுகிற நேரத்தில்தான். முன்கூட்டியே பிழிந்து வைத்தால், மேலே சொன்ன அதே புளிப்பு விவகாரம், பச்சை மங்கிவிடும். எண்ணெய் கட்டாயம் வேண்டும். கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாத காயை ஆரோக்கியம் என்று கொடுப்பது, நல்ல பொருளை வாங்கி வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வருவது போலத்தான்.

உப்பு யார் கையில்?

பொது மேசைக்கு முதல் தடை உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. விருந்துச் சமையலில் ஒரே வேளையில் அதைத் தாண்டிவிடுவது சுலபம். இரத்த அழுத்தம் உள்ளவருக்குத் தனிக் கிண்ணம் வைக்கிற எண்ணமும் இங்கிருந்துதான் வருகிறது. நான் செய்வது இதுதான்: அடிப்படைப் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் உப்பை அடக்கியே போடுவது. உப்பு, காரம், கொழுப்பு மூன்றும் மேலே போடுகிற கிண்ணங்களில் இருக்கும், அந்தக் கிண்ணங்கள் எல்லோர் கைக்கும் எட்டும். உப்பு உள்ளே கரைந்து கிடப்பதைவிட மேலே தூவினால் நாக்கில் முதலில் படும், அதனால் கொஞ்சத்திலேயே நிறைவாகத் தெரியும். புளிப்பும் உதவிக்கு வரும். எலுமிச்சைச் சாறும் அதன் தோல் துருவலும் சேர்ந்தால் உப்பு குறைவது தெரியவே தெரியாது.

அந்தக் கிண்ணங்களில்தான் நான் என் ஆசையைத் தீர்த்துக்கொள்வேன். கெட்டித் தயிர் ஒன்று: இரவே துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் தொங்கவிட்டு நீரை வடித்துவிட்டால் காலையில் வெண்ணெய் மாதிரி நிற்கும். அதில் நறுக்கிய புதினா, பூண்டு ஒரு பல், கொஞ்சம் மிளகு. இரண்டாவது முழுக்கப் பச்சை: கொத்தமல்லி, புதினா, வெங்காயத்தாள், எலுமிச்சை, எண்ணெய் சேர்த்துக் கொரகொரவென்று அரைத்தது. பால் பொருள் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலாவதைத் தாண்டி இதை எடுத்துக்கொள்வார்கள், யாரும் யாரிடமும் காரணம் கேட்க மாட்டார்கள். மூன்றாவது ஊறவைத்த முள்ளங்கி. சிவப்பு முள்ளங்கியைக் கண்ணாடி போல மெல்லிசாகச் சீவி, வினிகரில் போட்டுவிட்டால் அரை மணியில் தோலின் சிவப்பு இறங்கி, வெள்ளைச் சதையும் வினிகரும் ரோஜா நிறமாகிவிடும். அந்த நிறத்துக்காகவே குழந்தைகள் கை வைப்பார்கள், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வருவார்கள்.

வயிறு நிறைவதற்கும் ஏதாவது வேண்டும் அல்லவா? வெறும் காயை வைத்துவிட்டு விருந்து என்று சொல்ல எனக்கு மனம் வராது. இரவே ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு பெரிய பாத்திரம், சூடாக இருக்கும்போதே எலுமிச்சையும் எண்ணெயும் சேர்த்துக் கலந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓவனில் சுட்ட கேரட்: நீளவாக்கில் பிளந்து, எண்ணெய் தடவி, 200 டிகிரியில் அரை மணி நேரம். ஓரம் கருகுகிற அளவுக்குப் போனால்தான் அந்த இனிப்பு வரும், வெளிறிய கேரட்டில் வராது. தட்டில் நெருக்கி அடுக்கினால் சுடாமல் ஆவியில் வெந்துவிடும், இடம் விட்டுப் பரப்ப வேண்டும். அவித்த முட்டை, சோறு அல்லது ஏதாவது ஒரு சிறுதானியம். அவ்வளவுதான் மொத்தச் சமையலும்.

பரிமாறுகிற வரிசையிலும் கை வைத்தேன். பசியோடு வருபவர் முதலில் எதைப் பார்க்கிறாரோ அதைத்தான் அதிகம் சாப்பிடுகிறார். பச்சைக் காயையும் கடலையையும் முதலில் வெளியே கொண்டுவந்துவிடுவேன், சோறும் ரொட்டியும் கொஞ்ச நேரம் கழித்துத்தான். காயும் புரதமும் முதலில் போய், மாவுச்சத்து பின்னால் போனால் சாப்பிட்ட பிறகு இரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறுவதில்லை என்று நீரிழிவு உள்ளவர்களிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யாருக்கும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை, தனிக் கிண்ணமும் வேண்டியதில்லை. பாத்திரம் வருகிற வரிசையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஆரோக்கியம் என்றால் யாருக்கு?

இந்த முறைக்கு மாறிய பிறகு ‘ஆரோக்கியமான சாப்பாடு’ என்று பொதுவாகச் சொல்வதே எனக்குச் சங்கடமாகிவிட்டது. கீரையைவிட நல்லது எது என்று கேட்போம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் திடீரென்று ஒரு நாள் கீரையை அள்ளிச் சாப்பிடக் கூடாது, அதில் இருக்கும் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். அவருக்கு வேண்டியது தினமும் ஏறக்குறைய ஒரே அளவு. சிறுநீரகம் பழுதானவர்களில் பலருக்குப் பொட்டாசியத்தில் கட்டுப்பாடு உண்டு. அவர்களுக்கு நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்த காய் ஆவியில் வெந்த காயைவிடப் பரவாயில்லை, பொட்டாசியம் தண்ணீரோடு கொஞ்சம் இறங்கிவிடும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதைப் போட்டால் நல்லது என்று நினைப்போம். பெரும்பாலும் அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு, சிறுநீரக நோயாளிக்கு அது ஆபத்து. வசந்தத்தில் ஆசையாக வாங்குகிற ஃபாவா பீன்ஸ், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவரின் இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது.

இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால்தான் தெரியும். ஆனால் மேசையில் வைத்துக் கேட்கக் கூடாது. அழைக்கும்போதே, தொலைபேசியில், தனியாக, “உங்க வீட்டுல யாருக்காவது எதாவது ஒத்துக்காதா? நான் அதுக்குத் தகுந்த மாதிரி எல்லாருக்குமே சமைச்சிடறேன்” என்று கேட்டுவிடுவேன். ‘எல்லாருக்குமே’ என்ற சொல் அதில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எதிர்முனையில் இருப்பவர், “அதெல்லாம் ஒண்ணும் வேணாம், நான் பார்த்துக்கறேன்” என்று மழுப்பிவிடுவார். தனக்காக இன்னொருவர் கூடுதலாக அடுப்பில் நிற்பதை யாரும் விரும்புவதில்லை.

மேலே போடுகிற கிண்ணங்களால் தீராத விஷயங்களும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நிலக்கடலையோ முந்திரியோ கடுமையாக ஒவ்வாத ஒருவர் வருகிறார் என்றால், கடலையைத் தனிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன் என்பது போதாது. ஒரு கரண்டி மாறினால் போதும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாத சீலியாக் நோய் உள்ளவருக்கு ரொட்டித் துகள் பட்ட வெண்ணெய்கூட ஆகாது. அப்படிப்பட்டவர் வருகிற அன்றைக்கு அந்தப் பொருள் மேசைக்கே வராது. வறுத்த பூசணி விதை தூவினால் அதே மொறுமொறுப்பு கிடைக்கிறது, அதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொண்டுதான். ஒருவருக்காகப் பத்துப் பேர் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று ஒருமுறை நெருங்கிய நண்பர் ஒருவரே கேட்டார். ஒரு மதியம் முந்திரி இல்லாமல் இருப்பதை நான் விட்டுக்கொடுத்தல் என்று நினைக்கவில்லை என்றேன். அவருக்கு முழுச் சம்மதமில்லை, எனக்கும் அதற்கு மேல் இறங்கிவர மனமில்லை.

சின்னப் பிள்ளைகள் வந்தால் முழு திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டிவிடுவேன், உருண்டையாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கர்ப்பிணிகள் வந்தால் முளைகட்டிய பயறைப் பச்சையாக வைப்பதில்லை, வேகவைத்துத்தான். அந்தக் கதகதப்பான ஈரத்தில் பயறு மட்டும் முளைப்பதில்லை, கிருமியும் பெருகும்.

வெளியில் சாப்பிடும்போது

வெயில் இதமாக இருக்கிறது, பேச்சு நீளுகிறது, பாத்திரங்கள் மேசையிலேயே இருக்கின்றன. வசந்தக் கூட்டங்களில் உடம்புக்கு வருகிற கெடுதல் பலநேரம் எண்ணெயாலோ சர்க்கரையாலோ வருவதில்லை, இந்தக் காத்திருப்பில்தான் வருகிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்தது வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் விதைகள் கொதியிலும் சாவதில்லை, சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சைக் கக்கிவிடும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே ஒரே பெரிய தட்டில் எல்லாவற்றையும் குவிப்பதை விட்டுவிட்டேன். சின்னத் தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயிருந்து வந்துகொண்டே இருக்கும். தயிர்க் கிண்ணம் பனிக்கட்டி நிரப்பிய தட்டின் மேல் உட்காரும்.

இனிப்பு மட்டும் மிச்சம். இங்கே என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. சர்க்கரை இல்லாத கேக் என்று ஒன்றை நான் செய்வதில்லை. கேக்கில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பது, மாவை மென்மையாக்குவது, மேலே பொன்னிறம் கொடுப்பது எல்லாம் அதன் வேலை. கொஞ்சம் குறைத்தால் தாங்கும், ரொம்பக் குறைத்தால் அது வேறு பண்டம். அதனால் நல்ல கேக்காகவே செய்து, சின்னச் சதுரங்களாக வெட்டி, அதைவிட மூன்று மடங்கு பழத்தை நடுவில் வைப்பேன். ஸ்ட்ராபெரி பறித்த பிறகு பழுப்பதில்லை, வாங்கும்போதே காம்பு வரை சிவந்திருக்க வேண்டும். அதை நறுக்கி, ஆரஞ்சுச் சுளைகளோடு கலந்து, அரைத் தேக்கரண்டி சர்க்கரை தூவி அரை மணி வைத்தால் தன் சாற்றைத் தானே விட்டு ஒரு பாகு ஆகிவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே பரிமாற வேண்டாம். சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், சர்க்கரை போதவில்லை என்று கை இன்னும் அள்ளும். கொஞ்சம் முன்னாலேயே எடுத்து வெளியில் வைத்துவிட்டால் பழத்தின் இனிப்பே போதுமானதாக இருக்கும்.

மீந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளியில் நேரம் தாண்டிக் கிடந்தது எதையும் நான் எடுத்து வைப்பதில்லை. உள்ளேயே குளிரில் இருந்த பட்டாணியும் அஸ்பாரகஸும் மறுநாள் காலை பொடியாக நறுக்கி முட்டையில் போகும், பச்சைச் சட்னி ரொட்டியில் தடவப் போகும். ரோஜா நிற முள்ளங்கி மட்டும் இதுவரை ஒருமுறைகூட மீந்ததில்லை, அடுத்த தடவை இரண்டு ஜாடி போட வேண்டும்.